மஞ்சள் தொண்டைச் சிட்டும் சலீம் அலியும்

குருவி என்பது தமிழில் பரந்த பொருளுடைய ஒரு சொல். வீட்டு முற்றத்தில் தத்தித் திரிவது சிட்டுக்குருவி. பனை ஓலையிலும் கிணற்றோர மரக்கிளையிலும் கூடு தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் கரிச்சானுக்கு இரட்டைவால் குருவி என்றும் பெயர் உண்டு. மூன்றையும் குருவி என்று அழைப்பதனால் மூன்றும் ஒரே இனத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. கரிச்சான் சிட்டுக்குருவியைவிடக் காகத்துக்கே நெருங்கிய உறவுடையது.

பெயர் ஒன்றாக இருப்பதனால் உறவு ஒன்றாகிவிடாது. உருவம் ஒத்திருப்பதனாலும் உறவு உறுதியாகிவிடாது. அருகில் சென்று, பொறுமையோடு, மீண்டும் மீண்டும் பார்ப்பவருக்கே ஒரு பறவை எது என்பது விளங்கும். இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்து, இந்திய மக்களுக்குப் பறவைகளை அடையாளம் காட்டியவர் சலீம் அலி. அவருடைய வாழ்க்கைப் பயணமே, ஒரு குருவியின் பெயர் என்ன என்ற கேள்வியில்தான் தொடங்கியது.

சிறுவனும் குருவியும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். அந்நகரே இன்று மும்பை என வழங்குகிறது. பெற்றோரின் பல குழந்தைகளுள் அவரும் ஒருவர். அவருக்கு ஒரு வயதானபோது தந்தை மறைந்தார். மூன்று வயதானபோது தாயும் மறைந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் தம் இல்லத்தில் வைத்து அன்போடு வளர்த்தனர்.

அக்காலத்தில் வேட்டை ஒரு மதிப்புக்குரிய பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. சிறுவன் சலீமிடமும் காற்றழுத்தத்தால் இயங்கும் ஒரு சிறு துப்பாக்கி இருந்தது. ஒருநாள் அவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தபோது வியப்படைந்தான். மற்றக் குருவிகளைப் போலவே அதுவும் இருந்தது. ஆனால் அதன் தொண்டையில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு காணப்பட்டது. குழம்பு சிந்திய கறை போன்ற அத்திட்டு, சிறுவனின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பியது. இது எந்தப் பறவை?

மாமனிடம் கேட்டான். வேட்டையில் தேர்ந்த அவருக்கும் விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், அவர் ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சிறுவனை அனுப்பிவைத்தார். அக்கழகத்தின் செயலாளராக அப்போது இருந்தவர் டபிள்யூ. எஸ். மில்லார்டு என்னும் ஆங்கிலேயர்.

அன்றைய இந்தியாவில், ஓர் ஆங்கிலேயரின் அலுவலகத்துக்குள் தனியே நுழைவது இந்தியச் சிறுவனுக்கு எளிதான செயல் அன்று. தாளில் பொதிந்த குருவியைக் கையில் ஏந்தியவாறு சலீம் தயங்கித் தயங்கி உள்ளே சென்றான். மில்லார்டு அவனைக் கனிவோடு வரவேற்றார். பறவையைப் பார்த்தவுடனேயே, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறினார். அத்துடன் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பாடம் செய்து பாதுகாக்கப்பட்டிருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். குருவி என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்ட பறவைகளுக்குள் எத்தனை வகைகள் இருக்கின்றன என்பதைச் சிறுவன் அன்று கண்டான். படிப்பதற்கு அவனுக்கு நூல்களும் கிடைத்தன. பறவைகளைப் பாடம் செய்யும் முறையையும் அவன் கற்றான். வேட்டைப் பொருளாக இருந்த பறவை, அன்று முதல் அறிவுப் பொருளாக மாறியது.

பெயரும் உறவும்

சிட்டுக்குருவியை இந்தி பேசுவோர் கௌரையா என்பர். மராத்தியர் சிம்ணி என்பர். கன்னடர் குப்பச்சி என்பர். ஒரே பறவைக்கு ஊருக்கொரு பெயர் இருந்தால், அறிஞர்கள் ஒருவர் கூறுவதை மற்றொருவர் புரிந்துகொள்வது எவ்வாறு? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே, சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் என்னும் அறிஞர் 18ஆம் நூற்றாண்டில், உயிர்களுக்கு இரு சொற்களால் ஆன அறிவியல் பெயரிடும் முறையை நிலைபெறச் செய்தார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நெருங்கிய உறவுடைய சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம். பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்.

ஆனால், அறிவியல் பெயரிலும் பிழை நேர்வது உண்டு. தூக்கணாங்குருவியின் அறிவியல் பெயர் புளோசியஸ் பிலிப்பைனஸ் என்பதாகும். பெயரைக் கேட்பவர், அது பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு உரியது என்றே நினைப்பர். உண்மையில் அது இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளிலும் வாழும் பறவை. பிலிப்பைன்ஸ் அதன் இயற்கையான வாழிடம் அன்று. ஐரோப்பாவுக்குச் சென்ற பறவை உடல் எங்கிருந்து வந்தது என்பதில் ஏற்பட்ட தவறு, பெயரிலும் ஏறிவிட்டது. முதலில் முறையாக இட்ட பெயரே நிலைக்க வேண்டும் என்பது அறிவியல் விதி. ஆகவே அப்பிழை இரண்டரை நூற்றாண்டுகளாக அப்பறவையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோற்றத்தை மட்டும் நம்புவதனால் வரும் பிழைகளோ இன்னும் பல. தகைவிலானும் உழவாரனும் வானில் வளைந்து வளைந்து பறந்து பூச்சிகளைப் பிடிப்பவை. நீண்ட குறுகிய சிறகுகள் இரண்டுக்கும் உண்டு. லின்னேயசே இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். இன்றோ, உழவாரன் தகைவிலானுக்கு உறவன்று என்பதும், அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் தேன்பருகும் ஓசனிச்சிட்டுகளுக்கே அது நெருங்கிய உறவு என்பதும் தெளிவாகியுள்ளன. நம் நாட்டுத் தேன்சிட்டைப் பலர் ஓசனிச்சிட்டு என்று தவறாக எண்ணுகின்றனர். இரண்டும் பூவில் தேன் குடிப்பதனால் அலகு ஒத்த வடிவம் பெற்றதே தவிர, அவற்றிடையே நெருங்கிய உறவு இல்லை. ஒரே தொழிலைச் செய்யும் இருவர் ஒரே வகைக் கருவியை ஏந்தியிருப்பதனால் உடன்பிறந்தோர் ஆகிவிடுவார்களா? அதுபோன்றதே இதுவும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஆண் குயில் கருநிறம் உடையது. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. இரண்டையும் பார்ப்பவர், இவை வேறு வேறு பறவைகள் என்றே கருதுவர். இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் முடி தரித்ததுபோல் விளங்கும் ஆண் தூக்கணாங்குருவி, மற்றக் காலங்களில் பெண் சிட்டுக்குருவி போல மங்கிய நிறத்தில் திரியும். நிறத்தை மட்டும் பார்ப்பவர், ஒரே பறவையை இரண்டாகவும் இரண்டு பறவைகளை ஒன்றாகவும் எண்ணி ஏமாறுவர்.

தடைகளும் தேடலும்

சலீம் அலி கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் படிப்பைத் தொடரவில்லை. பர்மாவின் தவாய் பகுதியில் அவருடைய குடும்பத்தாருக்குச் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் இருந்தன. அங்கே சென்ற அவர், தொழிலைக் கவனித்த நேரத்தைவிடக் காட்டில் பறவைகளைக் கவனித்த நேரத்தில்தான் அதிக மகிழ்ச்சி அடைந்தார். 1917இல் பம்பாய் திரும்பி, விலங்கியல் பயின்றார். 1918இல் தெஹ்மினா என்னும் பெண்மணியை மணந்தார்.

பறவையியலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள அவர் விரும்பினார். ஆனால், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதே காரணம். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில், பார்வையாளர்களுக்கு விளக்கம் கூறும் பணியில் அமர்ந்தார். கண்ணாடிப் பேழைகளுக்குள் இருந்த பறவைகளைப் பற்றி மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். எனினும், தாம் கற்க வேண்டியது இன்னும் மிகுதி என்பதை உணர்ந்தார். 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குப் புறப்பட்டார்.

பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்டிரெஸ்மன் என்னும் பேரறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். பட்டம் இல்லாதவர் என்று ஸ்டிரெஸ்மன் அவரை ஒதுக்கவில்லை. பறவையின் உடலை அளந்து, ஒப்பிட்டு, வகைப்படுத்தும் முறையைச் சலீம் அலி அங்கே செம்மையாகக் கற்றார். ஸ்டிரெஸ்மனின் மாணவராகிய எர்ன்ஸ்ட் மையரின் அறிமுகமும் அவருக்குக் கிடைத்தது. இயற்கையில் தமக்குள் இணைந்து இனம் பெருக்கும் உயிர்க்கூட்டமே ஒரு சிற்றினம் என்ற கருத்தை 1942இல் தெளிவாக வரையறுத்துப் புகழ்பெற்றவர் இந்த மையர். நிறமும் அளவும் அடையாளங்கள் மட்டுமே. எவை எவற்றோடு இணைந்து வாழ்கின்றன என்பதே அடிப்படை என்று இவ்வரையறை கூறுகிறது. அதைக் காண வேண்டுமானால் இழுப்பறையில் உள்ள பறவை போதாது. உயிருள்ள பறவையைப் பார்க்க வேண்டும்.

1930இல் சலீம் அலி நாடு திரும்பினார். அவருக்காகக் காத்திருந்தது ஏமாற்றம். பணம் இல்லை என்று கூறி, அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டிருந்தது. உலகப் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்று வந்தவர், வேலையற்றவராக நின்றார்.

தூக்கணாங்குருவியின் கூட்டருகே

பம்பாய்க்குத் தெற்கே கடற்கரையில் உள்ள சிற்றூர் கிஹிம். செலவைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய நிலையில், சலீம் அலியும் தெஹ்மினாவும் அங்கே ஒரு வீட்டில் குடியேறினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. வேலை இல்லை என்று வருந்தி அமராமல், அவர் அப்பறவைகளை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார்.

தூக்கணாங்குருவியைப் பற்றி மக்களிடையே பல கதைகள் வழங்கின. அது மின்மினிப் பூச்சியைக் களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்ற கதை இன்றும் வழங்குகிறது. கூட்டினுள் ஆண் பறவை களிமண் வைப்பது உண்மை. விளக்கு என்பது கற்பனை. கதை கேட்டு அறிவது வேறு, கண்டு அறிவது வேறு என்பதைச் சலீம் அலியின் ஆய்வு காட்டியது.

ஆண் பறவையே கூடு பின்னுகிறது. கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போன்ற வடிவம் பெறும்போது, பெண் பறவைகள் வந்து பார்வையிடுகின்றன. ஒரு பெண் பறவை ஏற்றுக்கொண்ட கூட்டை மட்டுமே ஆண் பறவை முழுமையாக்குகிறது. அப்பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் மற்றொரு கூட்டைப் பின்னத் தொடங்கி மற்றொரு துணையைத் தேடுகிறது. யாரும் விரும்பாத கூடுகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. மரங்களில் காணப்படும் அரைகுறைக் கூடுகளின் காரணம் இவ்வாறு விளங்கியது. தூக்கணாங்குருவியின் இல்லற முறையை வெளிப்படுத்திய இவ்வாய்வு, சலீம் அலியை அறிஞர் உலகில் அறிமுகம் செய்தது. வேலை இழந்த காலமே அவருக்குப் புகழ் தந்த காலமாயிற்று.

நூலில் இருந்த பிழை

இதன்பின் ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியைச் சலீம் அலி மேற்கொண்டார். அன்றைய திருவிதாங்கூரில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கியிருந்தது. காடுகளிலும் மலைகளிலும் கூடாரமடித்துத் தங்கி அவர் பணிபுரிந்தார். பல பயணங்களில் தெஹ்மினா உடன் சென்று உதவினார்.

அக்காலத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதியோருள் முதன்மையானவர் ஹியூ விஸ்லர் என்னும் ஆங்கிலேயர். பஞ்சாபில் காவல்துறை அலுவலராகப் பணியாற்றிய அவர், இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற கையேட்டின் ஆசிரியர். துடுப்புவால் கரிச்சானைப் பற்றி அவர் ஒரு கட்டுரையில் ஒரு செய்தியைக் குறிப்பிட்டிருந்தார். அப்பறவையின் வாலில் இரு இறகுகள் கம்பிபோல் நீண்டு, நுனியில் மட்டும் துடுப்புப் போல விரிந்திருக்கும். அந்த நீண்ட இறகின் தண்டில் உட்புறத்து இழைகள் இல்லை என்பதே அவர் எழுதிய செய்தி.

சலீம் அலி அதை ஏற்கவில்லை. இறகின் தண்டு முறுக்கிக்கொண்டிருப்பதனால் ஒரு பக்கம் மற்றொரு பக்கம்போல் தோன்றுகிறது. அம்முறுக்கைக் கவனியாமல் பழைய நூல்களில் எழுதப்பட்ட பிழை, பின்வந்த நூல்களிலும் தொடர்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார்.

விஸ்லர் சினம் கொண்டார். பட்டமோ பதவியோ இல்லாத ஓர் இந்தியர் தம் எழுத்தில் குறை காண்பதா என்று அவர் எண்ணினார். கழகத்தின் இதழாசிரியர்களுக்குக் கடுமையான கடிதங்கள் எழுதினார். சலீம் அலி அடங்கிப்போயிருந்தால் அந்தப் பிழை இன்னும் பல ஆண்டுகள் நிலைத்திருக்கக்கூடும்.

ஆயினும் விஸ்லர் உண்மையான அறிஞர். சினம் தணிந்தபின், தம்மிடம் இருந்த பறவை உடல்களை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார். தண்டின் முறுக்கைக் கண்டார். தாம் எழுதியது தவறு என்பதை ஒப்புக்கொண்டார். அதன்பின் இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆயினர். சலீம் அலி கணக்கெடுப்பில் திரட்டிய பறவைகளை ஆராய்வதில் விஸ்லர் பெரிதும் துணைநின்றார். பிழையைச் சுட்டிக்காட்டத் துணிவு வேண்டும். பிழையை ஒப்புக்கொள்வதற்கோ அதனினும் பெரிய துணிவு வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் அறிவு வளர்ந்தது.

எல்லார்க்கும் பறவைகள்

1939இல் தெஹ்மினா, ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராமல் மறைந்தார். காடுகளில் துணையாக வந்தவரை இழந்த துயரம் சலீம் அலியை ஆழ்ந்து வருத்தியது. அவர் தம் தமக்கையின் இல்லத்தில் வாழ்ந்துகொண்டு, பணியிலேயே மனத்தைச் செலுத்தினார்.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. அதுவரை பறவை நூல்கள் பெரும்பாலும் அறிஞர்களுக்காக எழுதப்பட்டவை. பறவையைக் கையில் வைத்து அளந்தால்தான் அவற்றின் விளக்கம் பயன்படும். சலீம் அலியோ, பறவையைத் தொலைவில் பார்க்கும் எளிய மனிதரையும் மனத்தில் கொண்டு எழுதினார். பறவை சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா, பருந்து அளவா என்று எல்லாரும் அறிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்தார். வண்ணப் படங்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் சேர்த்தார். அந்நூல் பல பதிப்புகள் கண்டு, பறவை நோக்குதலைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது.

பின்னர், அமெரிக்கப் பறவையியலாளர் எஸ். டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து, இந்தியத் துணைக்கண்டப் பறவைகளைப் பற்றிய கையேட்டைப் பத்துத் தொகுதிகளாக எழுதினார். 1968 முதல் 1974 வரை அத்தொகுதிகள் வெளிவந்தன. ரிப்ளேக்கு வகைப்பாட்டில் ஆர்வம் மிகுதி. சலீம் அலிக்கோ, நிறத்தின் சிறு வேறுபாட்டுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டுவதைவிட, பறவை எதை உண்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, எப்போது வலசை போகிறது என்பவற்றை அறிவதிலேயே ஆர்வம். இருவர் நோக்கும் இணைந்ததனால் அந்நூல் முழுமை பெற்றது.

அறிந்ததோடு அவர் அமையவில்லை. அறிந்தவற்றைக் காக்கவும் முன்வந்தார். பரத்பூர் நீர்நிலைகள் பறவைப் புகலிடமாக நிலைபெறவும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அழியாமல் காக்கப்படவும் குரல் கொடுத்தார். 1958இல் பத்ம பூஷண் விருதும் 1976இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். ஜே. பால் கெட்டி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை, சிறுவனாகத் தாம் தயங்கி நுழைந்த அதே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வழங்கினார். 1985இல் நாடாளுமன்ற மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். அதே ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்நூலுக்கு, ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். பள்ளிப் பருவத்தில் தம் கையால் வீழ்ந்த அந்தச் சிட்டை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் சலீம் அலி மறைந்தார். அவர் பெயரால் 1990இல் ஒரு பறவையியல் ஆய்வு மையம் தோன்றியது. கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டி மலைச்சாரலில் அம்மையம் இயங்குகிறது.

பெயரில் வாழ்கிறவர்

சலீம் அலியின் பெயர் தாங்கிய உயிர்களுள் இரண்டின் கதை, அவர் வாழ்ந்து காட்டிய நெறிக்கே சான்றாக அமைந்துள்ளது.

முதலாவது ஒரு வௌவால். வௌவால் பறப்பதனால் அதைப் பறவை என்று கருதுவோர் உண்டு. அது குட்டி ஈன்று பாலூட்டும் உயிர். ஆகவே பாலூட்டி வகையைச் சேர்ந்தது. 1948இல் தமிழ்நாட்டின் மேகமலைப் பகுதியில் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிக்கப்பட்டது. அது எங்கும் காணப்படும் சாதாரண வகை என்று கருதப்பட்டு, அப்பெயரிலேயே பம்பாய்க் கழகத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது தவறான பெயரோடு அங்கே கிடந்தது. பின்னர், தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்தார். சாதாரண வகைக்கு உள்ள சிறு வால் இதற்கு இல்லை, பல்லமைப்பும் வேறு. சிற்றினம் மட்டுமன்றிப் பேரினமே புதியது என்பதை அவர் கண்டார். 1972இல் அதற்குச் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

இரண்டாவது ஒரு பூங்குருவி. இமயமலையில் வாழும் ஒரு வகைப் பூங்குருவியை அறிஞர்கள் நெடுங்காலம் ஒரே சிற்றினம் என்று கருதிவந்தனர். 2009இல் அருணாசலப் பிரதேச மலைகளில் ஆய்வாளர்கள் அதன் பாட்டைக் கூர்ந்து கேட்டனர். காட்டுக்குள் வாழ்பவை இனிய குரலில் பாடின. மரங்களின் எல்லைக்கு மேலே பாறைகளிடையே வாழ்பவையோ கரகரத்த குரலில் பாடின. தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. பாட்டிலோ வேறுபாடு தெளிவு. பழைய அருங்காட்சியகங்களில் இருந்த உடல்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்டபோது, அவை வேறு வேறு சிற்றினங்கள் என்பது உறுதியாயிற்று. காட்டில் வாழும் பூங்குருவிக்கு 2016இல் சலீம் அலியின் பெயர் இடப்பட்டது.

வகைப்பாடு என்பது முடிந்துபோன கணக்கன்று. சலீம் அலியின் காலத்து நூல்களில் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. இன்று அவை தனித்தனிக் குடும்பங்கள். அவர் சிறுவயதில் வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு, சிட்டுக்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும், பேரினத்தால் வேறுபட்டது. வீடுகளை நாடாமல் பெரும்பாலும் மரப்பொந்துகளில் கூடு வைப்பது. மற்றக் குருவிகளைப் போன்றதன்று என்று அந்தச் சிறுவனுக்குத் தோன்றிய ஐயம் சரியானதே.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 12ஆம் நாள், சலீம் அலியின் பிறந்தநாள், நாடெங்கும் பறவை ஆர்வலர்களால் கொண்டாடப்படுகிறது. தில்லியின் பூங்காவிலோ, மும்பையின் மாடத்திலோ, கொல்கத்தாவின் குளக்கரையிலோ ஒரு பறவை வந்து அமரும்போது, அது எந்தப் பறவை என்று கேட்டு, நின்று பார்க்கும் ஒவ்வொரு குழந்தையிடத்தும் அவர் வாழ்கிறார்.

பயிற்சி

1. மஞ்சள் தொண்டைச் சிட்டின் பெயரை அறியச் சிறுவன் சலீம் யாரிடம் அனுப்பப்பட்டான்?
2. தூக்கணாங்குருவியின் அறிவியல் பெயரில் உள்ள பிழை யாது? அது ஏன் திருத்தப்படவில்லை?
3. தகைவிலானும் உழவாரனும் உருவில் ஒத்திருந்தும் உறவில் வேறுபடுவதற்குக் காரணம் என்ன?
4. துடுப்புவால் கரிச்சானைப் பற்றிய பிழை எவ்வாறு நேர்ந்தது? விஸ்லரின் செயலில் நீவிர் போற்றுவது எது?
5. நீவிர் வாழும் ஊரில் காணும் ஐந்து பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் ஒன்றை ஒரு வாரம் கவனித்து, கண்டவற்றை மட்டும் பத்து வரிகளில் எழுதுக.